வெளிநாட்டுப் படிப்பு ஆலோசகராகப் போகிறீர்களா? விசாவோடு வேலை முடிவதில்லை

நான் இந்த வேலையில் சேர்ந்த புதிதில் அனுப்பி வைத்த மாணவர் ஒருவர், ஒரு செமஸ்டர் முடித்துத் திரும்பி வந்து என் மேசைக்கு எதிரே உட்கார்ந்தார். சேர்க்கை, விசா, தங்குமிடம், காப்பீடு எல்லாவற்றையும் ஒரு பிசகும் இல்லாமல் முடித்துக் கொடுத்திருந்தேன், அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. "அங்கே யாரோடெல்லாம் பழகினீங்க?" என்று கேட்டேன். தன் மொழி பேசும் நான்கு பேரோடு ஒரே வீட்டில் இருந்ததையும், ஐந்து பேரும் சேர்ந்தே வகுப்புக்குப் போய்ச் சேர்ந்தே திரும்பியதையும், விடுமுறை நாட்களில் ஆறு ஊர்களைச் சுற்றிப் பார்த்ததையும் உற்சாகமாகச் சொன்னார். உள்ளூர்க்காரர் ஒருவர் பெயரையாவது சொல்லுங்க என்றேன். வெகுநேரம் யோசித்து வீட்டு உரிமையாளரின் பெயரைச் சொன்னார். அந்த வீட்டைத் தேடிக் கொடுத்ததே நான்தான்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல நினைப்பதெல்லாம் அந்த ஒரு உரையாடலிலிருந்து தொடங்குகிறது. விமானம் ஏறிவிட்டால் வேறொரு பண்பாட்டில் தானாக ஊறிவிடலாம் என்றுதான் மாணவர்கள் நினைக்கிறார்கள், பெற்றோரும் நினைக்கிறார்கள், அனுபவம் இல்லாத ஆலோசகர்களும் அப்படியே நினைக்கிறோம். ஆனால் கிளம்புவதற்கு ஆறு மாதம் முன்னால் நம் மேசையில் நிரப்பப்படும் சலிப்பான படிவங்களிலேயே பாதி விஷயம் முடிவாகிவிடுகிறது. எங்கே தங்குவது, எந்தப் பாடங்களை எடுப்பது, எத்தனை மாதம் இருப்பது என்ற மூன்று கட்டங்களில் நாம் போடும் டிக்தான் அது.

முதல் படி: நீங்கள் யாருக்காக வேலை செய்கிறீர்கள்?

ஆலோசகர் என்ற ஒரே பெயரில் இரண்டு வேலைகள் இருக்கின்றன. ஒன்று, பல்கலைக்கழகத்துக்குள்ளேயே இருக்கும் அலுவலகத்தில் உட்கார்ந்து, அங்கு படிக்கும் மாணவர்களை ஒரு செமஸ்டரோ ஒரு வருடமோ வெளியே அனுப்பித் திரும்ப அழைத்துக்கொள்வது. இன்னொன்று, கன்சல்டன்சியில் இருந்துகொண்டு முழுப் பட்டப்படிப்புக்கு ஆட்களைச் சேர்த்துவிடுவது. இரண்டாவதில் பல நிறுவனங்களுக்குச் சம்பாத்தியமே கல்லூரிகள் தரும் கமிஷன்தான். கமிஷன் வாங்குவது குற்றமில்லை, ஆனால் அதை மாணவரிடம் மறைப்பது குற்றம் என்பேன் நான். எந்தக் கல்லூரி உங்களுக்குப் பணம் தருகிறது, எது தருவதில்லை என்பதை முதல் சந்திப்பிலேயே வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். சொன்னதால் ஓடிப்போனவர்கள் மிகக் குறைவு.

அப்புறம் ஒரு எல்லைக்கோடு இருக்கிறது, புதியவர்கள் அடிக்கடி தாண்டிவிடுவது. படிப்பைப் பற்றி ஆலோசனை சொல்வது வேறு, குடியேற்றச் சட்டத்தைப் பற்றி ஆலோசனை சொல்வது வேறு. கனடாவில் காசு வாங்கிக்கொண்டு குடியேற்ற ஆலோசனை தர உரிமம் பெற்றவருக்கோ வழக்கறிஞருக்கோதான் அனுமதி. பிரிட்டனிலும் அதற்குத் தனிக் கட்டுப்பாட்டு அமைப்பு உண்டு. விசா படிவத்தில் எந்தப் பெட்டி எதற்கு என்று விளக்கலாம். "முன்பு ஒருமுறை விசா மறுக்கப்பட்டிருக்கிறது, இப்போது என்ன எழுதுவது?" என்று கேட்டால் உரியவரிடம் அனுப்பிவிடுங்கள். தெரிந்ததுபோல் பேசிச் சமாளிக்கிற இடமில்லை இது.

இரண்டாவது படி: காகித வேலையைச் சீக்கிரம் கற்றுக்கொள்ளுங்கள்

இதை நீட்ட மாட்டேன். அமெரிக்காவின் எஃப்-1 விசாவுக்குக் கல்லூரி தரும் ஐ-20 படிவம், பிரிட்டனுக்குக் கல்லூரி தன் சேர்க்கையை உறுதிசெய்து தரும் சிஏஎஸ் எண், ஜெர்மனிக்குப் பெரும்பாலும் கேட்கப்படும் முடக்கப்பட்ட வங்கிக் கணக்கு (செலவுப் பணத்தை முன்பே போட்டுவிட்டு மாதாமாதம் ஒரு அளவுதான் எடுக்க முடியும்), ஐரோப்பிய ஷெங்கன் பகுதியில் குறுகிய காலம் தங்குபவர்களுக்கான 180 நாட்களில் 90 நாளுக்கு மேல் இருக்கக் கூடாது என்ற கணக்கு, இவற்றையெல்லாம் ஒரு மாதத்தில் யாரும் பழகிக்கொள்ளலாம். கற்க வேண்டிய ஒரே பழக்கம், நினைவை நம்பாமல் ஒவ்வொரு முறையும் அந்தந்த அரசின் இணையதளத்தைத் திறந்து பார்ப்பதுதான். கனடாவில் மாணவர்கள் வளாகத்துக்கு வெளியே வேலை செய்யும் வாராந்திர வரம்பு 2024 நவம்பரில் 20 மணி நேரத்திலிருந்து 24 ஆனது. ஆஸ்திரேலியா அதே ஆண்டு மார்ச்சில், விண்ணப்பதாரர் உண்மையிலேயே தற்காலிகமாகத்தான் வருகிறாரா என்று பார்த்த பழைய விதியை எடுத்துவிட்டு, உண்மையான மாணவர்தானா என்று பார்க்கும் விதியைக் கொண்டுவந்தது. போன வருடம் சொன்னதையே இந்த வருடமும் சொல்லும் ஆலோசகர் ஆபத்தானவர்.

மூன்றாவது படி: முதல் சந்திப்பில் நாட்டைப் பற்றிப் பேசாதீர்கள்

மாணவர் வந்து உட்கார்ந்ததும் "எந்த நாடு?" என்று கேட்பது எல்லோருக்கும் கைவந்த பழக்கம். கேட்டால் உடனே பதிலும் வரும், பெரும்பாலும் அது ஒரு வீடியோவில் பார்த்ததாகவோ அண்ணன் போன இடமாகவோ இருக்கும். நான் இப்போதெல்லாம் வேறொன்று கேட்கிறேன். "அங்கே போய் மூன்று மாதம் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்க. ஒரு செவ்வாய்க்கிழமை. காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் என்ன நடக்கும், சொல்லுங்க." சனிக்கிழமையைக் கேட்டால் எல்லோரும் கோட்டை, கடற்கரை என்று அழகாகச் சொல்வார்கள். செவ்வாய்க்கிழமைக்குத்தான் திணறுவார்கள். யாரோடு சாப்பிடுவேன், சாயங்காலம் என்ன செய்வேன், உடம்பு சரியில்லை என்றால் யாரைக் கூப்பிடுவேன் என்று அப்போதுதான் யோசிக்கத் தொடங்குவார்கள். அந்தத் திணறலைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் திட்டம் தேர்வு செய்யும்போது அதுதான் வரைபடம்.

இன்னொரு கேள்வியும் உண்டு: எதைத் தாங்க முடியாது? தனியறை இல்லாமல் இருக்க முடியாதவர், கூட்டத்தைத் தாங்காதவர், தொடர்ந்து மருந்து எடுப்பவர் என்று பல பேர் இருப்பார்கள், எல்லாவற்றையும் முதல் நாளே சொல்லிவிட மாட்டார்கள். கதவைத் திறந்து வையுங்கள், துருவாதீர்கள்.

நான்காவது படி: திட்டம் தேர்வு, இங்கேதான் நேரத்தைப் போட வேண்டும்

கொஞ்சம் பழைய கதை. 1923இல் அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்திலிருந்து எட்டு மாணவர்கள் பிரான்சுக்குக் கப்பலேறினார்கள். ஒரு வருடம் வெளிநாட்டில் படித்து அதற்கான மதிப்பெண்ணைச் சொந்தக் கல்லூரியில் கணக்கில் சேர்த்துக்கொள்ளும் ஏற்பாடு அமெரிக்காவில் அப்படித்தான் தொடங்கியது. அவர்கள் உள்ளூர்க் குடும்பங்களோடு தங்கினார்கள். நூறு வருடத்துக்குப் பிறகும் நாம் அதே வாக்கியத்தை விளம்பரத்தில் போடுகிறோம்: "உள்ளூர்க் குடும்பத்தோடு தங்கி அவர்கள் வாழ்க்கையை வாழுங்கள்."

அது தானாக வேலை செய்வதில்லை என்பதுதான் நான் தாமதமாகத் தெரிந்துகொண்டது. 2009இல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வு, 61 திட்டங்களில் வெளிநாடு போன ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களின் மொழி வளர்ச்சியையும் பண்பாட்டுப் புரிதலையும் போகும் முன்னும் வந்த பின்னும் அளந்து பார்த்தது. குடும்பத்தோடு தங்கினார்கள் என்பதால் மட்டும் பண்பாட்டுப் புரிதல் பெரிதாகக் கூடவில்லை, அந்தக் குடும்பத்தோடு நேரம் செலவழித்தவர்களுக்குத்தான் கூடியது. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ராத்திரி முழுக்கச் சொந்த ஊர் நண்பர்களோடு வீடியோவில் இருப்பவருக்கு அந்த வீடு ஒரு லாட்ஜ்தான். இன்னொன்றும் அந்த ஆய்வில் தெளிவாக வந்தது. அங்கேயே ஒருவர் மாணவர்களை அடிக்கடி சந்தித்து, அவர்கள் பார்த்ததையும் குழம்பியதையும் பேசவைத்து வழிகாட்டிய திட்டங்களில் வளர்ச்சி நன்றாகவே இருந்தது. ஆகவே ஹோம்ஸ்டே இருக்கிறதா என்று கேட்பதோடு நிறுத்தாமல் இந்தக் கேள்விகளையும் கல்லூரிக்கு எழுதிக் கேளுங்கள்:

– குடும்பத்தோடு வாரத்தில் எத்தனை வேளை சாப்பாடு? அதே வீட்டில் வேறு வெளிநாட்டு மாணவர்களும் இருப்பார்களா, எத்தனை பேர்?
– விடுதி என்றால், வெளிநாட்டு மாணவர்களுக்குத் தனிக் கட்டடமா, உள்ளூர் மாணவர்களோடு கலந்தா?
– வகுப்புகள் வெளிநாட்டவர்களுக்கென்று தனியாக நடப்பவையா, உள்ளூர் மாணவர்கள் உட்காரும் அதே வகுப்பா?
– அங்கே மாணவர்களைச் சந்தித்துப் பேச ஆள் இருக்கிறாரா, அல்லது அவசர எண் மட்டும்தானா?

பதில் வராத கேள்வியும் ஒரு பதில்தான்.

பாடத் தேர்வில் பயம் அதிகம், அது நியாயமான பயம். அங்கே படித்த பாடத்துக்கான கிரெடிட்டை, அதாவது பட்டத்துக்குக் கணக்கில் சேரும் அலகை, சொந்தக் கல்லூரி ஏற்காவிட்டால் ஒரு செமஸ்டர் வீண். ஐரோப்பாவில் ஈசிடிஎஸ் முறையில் ஒரு முழுக் கல்வியாண்டுக்கு 60 கிரெடிட், ஒரு கிரெடிட் என்றால் சுமார் 25 முதல் 30 மணி நேர உழைப்பு. மற்ற நாட்டுக் கணக்கு வேறு, ஆகவே எந்தப் பாடத்துக்கு எது ஈடு என்று போகும் முன்பே சொந்தக் கல்லூரியில் எழுத்தில் வாங்கிவிடுங்கள். அது முடிந்ததும் ஒரு பாடத்தையாவது, அந்த ஊரில் மட்டுமே படிக்கக்கூடியதாக, உள்ளூர் மாணவர்கள் நிறைந்த வகுப்பாகத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். ஒன்றே போதும். எல்லாப் பாடங்களையும் அப்படி எடுத்துவிட்டு நடுவில் மூழ்கியவர்களையும் பார்த்திருக்கிறேன்.

மொழி விஷயத்தில் ஆசை காட்டாதீர்கள். ஆங்கிலம் பேசுபவர்களுக்கு மொழி கற்பிக்கும் அமெரிக்க வெளியுறவுத் துறைப் பயிற்சி நிலையம், ஜப்பானிய மொழி, அரபு, கொரிய மொழி போன்றவற்றை வேலைக்கு ஏற்ற அளவில் கற்க ஏறத்தாழ 2,200 வகுப்பு மணி நேரம் என்று கணக்கு வைத்திருக்கிறது. நான்கு மாதத்தில் சரளமாகப் பேசிவிடலாம் என்று சொல்லி அனுப்பினால் இரண்டாவது மாதமே மாணவர் தன்னைத்தானே முட்டாள் என்று நினைக்கத் தொடங்கிவிடுவார். ஐரோப்பிய மொழித் திறன் அளவுகோலில் முதல் படியான ஏ1 நிலையில் போய் அடுத்த படியான ஏ2 நிலையில் திரும்புவது நல்ல செமஸ்டர் என்று சொல்லி அனுப்புங்கள். கடையில், பேருந்தில், பக்கத்து அறைக்காரரிடம் அந்த ஏ2 போதும், தப்புத் தப்பாகப் பேசும் துணிச்சல்தான் வேண்டும்.

ஐந்தாவது படி: கிளம்பும் முன் நடத்தும் கூட்டம்

பெரும்பாலான இடங்களில் இது இரண்டு மணி நேரம் ஸ்லைடு போட்டு, பாஸ்போர்ட் நகல் வையுங்கள், பணப்பை பத்திரம் என்று சொல்லி முடியும். அவற்றைத் தாளில் எழுதிக் கொடுத்துவிடலாம். நேரில் பேச வேண்டியவை வேறு.

மதிப்பெண்ணிலிருந்து தொடங்குங்கள், எல்லோரும் காது கொடுப்பார்கள். பிரான்சில் 20க்கு 14 வாங்கினால் நன்று, 16க்கு மேல் மிக நன்று. பிரிட்டனில் 70 என்பது முதல் வகுப்பு. ஜெர்மனியில் 1.0 தான் உச்சம், 5.0 என்றால் தோல்வி. எப்போதும் 90 வாங்கிப் பழகிய ஒருவர் முதல் கட்டுரைக்கு 20க்கு 13 வாங்கிவிட்டு ராத்திரி முழுக்க அழுதிருக்கிறார், ஆசிரியரோ அவரைப் பாராட்டித்தான் குறிப்பு எழுதியிருந்தார். எண்களில்கூட ஊருக்கு ஊர் வழக்கம் இருக்கிறது என்று புரிந்த பிறகு, மௌனம், நேரம், மறுப்பு, பாராட்டு இவையும் அப்படித்தான் என்று சொல்வது எளிது.

அப்புறம் கலாசார அதிர்ச்சி. மானுடவியலாளர் கலேர்வோ ஓபெர்க் 1960இல் எழுதிய கட்டுரை அந்தச் சொல்லைப் பரவலாக்கியது. முதலில் தேனிலவு, பிறகு எரிச்சல், பிறகு மெல்லத் தேறுதல் என்று படிப்படியாக விளக்குவது அன்றிலிருந்து வழக்கம். அதற்கும் முன்னால் 1955இல் நார்வே ஆய்வாளர் லிஸ்கார்ட், ஃபுல்பிரைட் உதவித்தொகையில் அமெரிக்கா போய்வந்த 200 நார்வேக்காரர்களை விசாரித்து, ஆறு மாதத்திலிருந்து பதினெட்டு மாதம் வரை இருந்தவர்கள்தான் மற்றவர்களைவிடச் சிரமப்பட்டிருக்கிறார்கள் என்று எழுதினார். ஆங்கில யு எழுத்துபோல இறங்கி ஏறும் வளைவு என்ற எண்ணம் அதிலிருந்து வந்தது. எல்லோரும் அந்த வளைவில்தான் போவார்கள் என்று சொல்லாதீர்கள், பிற்கால ஆய்வுகளில் பலருக்கு முதல் வாரங்களே மிக மோசமாக இருந்திருக்கின்றன. "தேனிலவு வரும் என்று சொன்னீங்களே, எனக்கு வரவே இல்லை, என்னிடம்தான் ஏதோ கோளாறா?" என்று ஒருவர் எனக்கு எழுதியிருந்தார். அன்றோடு அந்த ஸ்லைடை எடுத்துவிட்டேன். இப்போது சொல்வது இவ்வளவுதான்: ஏதாவது ஒரு கட்டத்தில் எல்லாமே எரிச்சலாக இருக்கும், அப்போது எந்தப் பெரிய முடிவும் எடுக்காமல் எனக்கு எழுதுங்க.

மருந்து பற்றித் தனியாக ஒரு வரி. ஒரு நாட்டில் மருத்துவர் எழுதித் தரும் மாத்திரை இன்னொரு நாட்டில் தடைசெய்யப்பட்டதாக இருக்கலாம். கவனக் குறைபாட்டுக்கு அமெரிக்காவில் தரப்படும் அட்டரால் ஜப்பானுக்குள் கொண்டுபோக முடியாது, மருந்துச் சீட்டு இருந்தாலும் முடியாது. இதை விமான நிலையத்தில் தெரிந்துகொள்ளக் கூடாது.

கூட்டம் முடியும் முன் ஒவ்வொருவரையும் ஒரு தாளில் ஒரே ஒரு விஷயம் எழுதச் சொல்லுங்கள்: அங்கே போய் மூன்று வாரத்துக்குள், வாரா வாரம், அதே ஆட்களோடு செய்யப்போவது என்ன? பாடகர் குழு, கால்பந்து, தன்னார்வ வேலை, சதுரங்கம், எதுவானாலும் சரி. உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட் 1954இல் சொன்னது இங்கே உதவும்: சமமான நிலையில், பொதுவான ஒரு குறிக்கோளுக்காக, ஒத்துழைத்து, நிறுவனத்தின் ஆதரவோடு சேரும்போதுதான் வேற்றுக் குழுவினர் மீதான முன்முடிவுகள் உண்மையில் தளர்கின்றன. சுற்றுலாவில் இவற்றில் ஒன்றுகூடக் கிடையாது. வியாழக்கிழமை ராத்திரி கோல்கீப்பர் வரவில்லை என்று யாராவது உங்கள் மாணவருக்கு ஃபோன் செய்தால் எல்லாமே இருக்கிறது.

ஆறாவது படி: அவர்கள் அங்கே இருக்கும்போது

மூன்றாவது வாரம், ஆறாவது வாரம், பாதிக் காலம். இந்த மூன்று முறையாவது நீங்களாகவே எழுதுங்கள். "எல்லாம் நல்லா இருக்கா?" என்று கேட்டால் "நல்லா இருக்கு" என்றுதான் வரும். "இந்த வாரம் புரியாமல் போன விஷயம் ஒன்று சொல்லுங்க" என்று கேளுங்கள். வரும் பதிலுக்கு விளக்கம் கொடுக்க அவசரப்படாதீர்கள், அங்கிருக்கும் யாரிடம் இதைக் கேட்கலாம் என்று திருப்பிக் கேளுங்கள். "எல்லா மனிதர்களும் அடிப்படையில் ஒன்றுதான்" என்று ஒருவர் எழுதினால் சந்தோஷப்படுவோம். ஆனால் வேற்றுப் பண்பாட்டை ஒருவர் எப்படிப் பார்க்கிறார் என்பதற்கு மில்டன் பென்னட் என்ற ஆய்வாளர் 1986இல் முன்வைத்த ஆறு நிலைகளில் அது பாதி வழிதான், வேறுபாடுகளைச் சிறியவையாக்கிப் பார்க்கும் நிலை. சண்டையில்லாத நிலை என்பதால் பலர் அங்கேயே தங்கிவிடுகிறார்கள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் என் முதல் மாணவர் கதையைக் கேட்டுவிட்டுச் சில புதிய ஆலோசகர்கள் மறுகோடிக்குப் போய்விடுகிறார்கள். சொந்த மொழிக்காரர்களோடு பழகுவது தப்பில்லை. காய்ச்சலில் படுத்திருக்கும்போது தாய்மொழியில் நாலு வார்த்தை பேச ஆள் வேண்டும். நிறத்துக்காகவோ மதத்துக்காகவோ யாராவது அவமானப்படுத்தினால் "இதுவும் ஒரு பண்பாட்டு அனுபவம்" என்று சொல்லிவிடாதீர்கள், அப்படிச் சொன்ன ஒருவரை எனக்குத் தெரியும், அந்த மாணவர் அதற்குப் பிறகு எங்கள் யாரிடமும் எதையும் சொல்லவில்லை. பாதுகாப்புக்கு அடுத்த இடம்தான் ஊறுதலுக்கு. வீடு மாற வேண்டுமென்றால் மாற்றுங்கள், திரும்பி வர வேண்டுமென்றால் அதற்கான படிவமும் உங்கள் கோப்பில் தயாராக இருக்கட்டும்.

ஏழாவது படி: நீங்களும் எங்காவது புதியவராக இருங்கள்

துறை அமைப்புகள் நடத்தும் பயிற்சிகள் இருக்கின்றன. அமெரிக்காவில் 1948இல் தொடங்கிய நாஃப்சா, ஐரோப்பாவில் 1989இல் தொடங்கிய ஈஏஐஇ இரண்டும் புதியவர்களுக்குப் பயன்படும். ஆனால் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது, நடுவயதில் புதிதாக ஒரு மொழி வகுப்பில் சேர்ந்ததுதான். பாதி வாக்கியத்தில் வார்த்தை தீர்ந்துபோய் நிற்பது எப்படியிருக்கும் என்பது மறந்துபோயிருந்தது. கல்லூரிகள் அழைக்கும் ஆய்வுப் பயணங்களுக்குப் போனால் அவர்கள் காட்டும் நூலகத்தைப் பார்த்துவிட்டு, ஒரு சாயங்காலம் விடுதியிலிருந்து வகுப்புக்குத் தனியாகப் பேருந்தில் போய்ப் பாருங்கள்.

எட்டாவது படி: திரும்பி வந்த பிறகு

பெரும்பாலான அலுவலகங்கள் இங்கே ஒரு கருத்துப் படிவத்தை அனுப்பிவிட்டுக் கோப்பை மூடிவிடும். வீடு திரும்பியதும் இன்னொரு பள்ளம் வரும் என்று 1963இலேயே எழுதிவிட்டார்கள், அதற்கு டபிள்யூ வளைவு என்று பெயர். "ரெண்டு நிமிஷம்தான் யாரும் கேட்கிறாங்க, அப்புறம் பேச்சை மாத்திடுறாங்க" என்று திரும்பி வந்தவர்கள் எல்லோருமே சொல்வார்கள். நீங்கள் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். எங்கே போனீர்கள் என்று கேட்காமல் யாரோடு இருந்தீர்கள் என்று கேளுங்கள். செவ்வாய்க்கிழமை எப்படியிருந்தது என்று கேளுங்கள். கிளம்பும் முன் எழுதிய அந்த ஒரு வரித் தாளை எடுத்து அவர்கள் முன் வையுங்கள்.

கேட்டதை எழுதி வையுங்கள், தேதி போட்டு, ஊர் வாரியாக. எந்த வீட்டில் குடும்பம் உண்மையிலேயே சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுகிறது, எந்தக் குழு வெளிநாட்டவரை முதல் வாரமே சேர்த்துக்கொள்கிறது, எந்த விடுதியின் மூன்றாவது மாடியில் எல்லோரும் ஒரே மொழிக்காரர்கள் என்பதெல்லாம் எந்தக் கல்லூரியின் கையேட்டிலும் இருக்காது. என் முதல் மாணவர் சொன்ன அந்த வீடு என் நோட்டின் முதல் பக்கத்தில் இருக்கிறது, பக்கத்தில் சிவப்பில் ஒரு கோடு.